ஐந்தாம் நம்பரின் சிவப்புக் கோடு

காற்று என்ன, சும்மா வருகிறது, இறக்கையைச் சுற்றிவிட்டுப் போகிறது, இதில் என்ன பெரிய வேலை என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், சூறாவளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவளுடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே மேட்டில் நிற்கும் ஐந்து காற்றாலைகளுக்கும் அவள்தான் பொறுப்பு என்பதும், அவளிடம் வாய் கொடுத்தால் சுலபத்தில் தப்ப முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். பாவம், பல் டாக்டருக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது. பல்லை அடைக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டுத் தொலைத்தார். சூறாவளி வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காத்து இறக்கையைத் தள்ளுதுன்னா நினைக்கிறீங்க டாக்டர்? இறக்கை வளைவா இருக்கும். அந்த வளைவு மேல ஓடுற காத்து அதைத் தூக்குது. விமானம் பறக்குதே, அதே கதைதான். இது மட்டும் ஓரிடத்துல நின்னு சுத்துது. அந்தச் சுத்து ரொம்ப மெதுவு, அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால கியர் பாக்ஸ் அதைப் பல மடங்கு வேகமாக்கி ஜெனரேட்டருக்குத் தள்ளிவிடுது. அங்க காந்தம் சுத்தச் சுத்த, பக்கத்துல இருக்கிற செம்புக் கம்பிச் சுருள்ல கரண்ட் வருது. அந்தக் கரண்ட்லதான் உங்க மெஷின் என் பல்லைக் குடையுது. இப்பச் சொல்லுங்க, சும்மாவா வருது?"

டாக்டர் அதற்கப்புறம் வாயைத் திறக்கச் சொல்வதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அப்பேர்ப்பட்டவளையே வாயடைக்க வைத்திருந்தது ஐந்தாம் நம்பர். வரிசையில் கடைசி. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவளே சூறாவளிதான். "இங்க நிறுத்துங்க. மத்த நாலையும் இது தூக்கிச் சாப்பிடலைன்னா என்னை வந்து கேளுங்க" என்று மார்தட்டிச் சொன்னாள். நிறுத்தி ஒரு பருவம்கூட முழுதாக ஓடவில்லை, ஒரு பேய்க்காற்றில் அதன் மேல்மூடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வேறு மூடி போட்டு ஓட்டினார்கள். ஓடியது. சத்தத்தில் குறையில்லை, சூட்டில் குறையில்லை, இறக்கையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கரண்ட் மட்டும் மற்றவற்றைவிட எப்போதும் ஒரு மாற்றுக் குறைவு. வருடக்கணக்கில் அதே பாட்டு.

தலைமை அலுவலகம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தது. இடம் சரியில்லை, ஐந்தாம் நம்பரைப் பிரித்து வேறு ஊரில் நிறுத்திக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது நான்குதானே, அதற்கு எதற்கு ஒரு அலுவலகமும் ஆட்களும்? தூரத்தில் இருந்தே திரையில் பார்த்துக்கொள்ளலாம். சூறாவளிக்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு நாற்காலி. அவளோடு ஏணி ஏறும் ஒட்டகத்துக்கு வேறெங்கோ ஒரு வேலை. ஒட்டகம் என்பது நெட்டையான ஒரு டெக்னீஷியனின் பட்டப்பெயர். கிரேன்கூட வந்து மேட்டின் அடிவாரத்தில் நின்றுவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இடம் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தது வெளியாள் இல்லை. சூறாவளியின் சொந்த நாத்தனார். தலைமை அலுவலகத்தில் அளவுகளைப் பார்த்து முடிவு சொல்லும் பெரிய அதிகாரி. அவள் அறைக்குள் நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா. அண்ணனுக்கு அவள் கடைக்குட்டி, அதனால் சாகும் வரை பாப்பாதான். இதே மேட்டில் சூறாவளியோடு ஏணி ஏறித் தொழில் கற்றவள், பிறகு படித்து மேலே போனவள். பிரிக்கும் வேலையைப் பார்வையிடத் தலைமை அலுவலக மேலாளரோடு வந்தவள், முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டில்தான் வந்து இறங்கினாள்.

"உங்களுக்காகத்தான் அண்ணி பேசி வாங்கியிருக்கேன்" என்றாள் சாப்பிட உட்கார்ந்ததும். "என் அறைக்குப் பக்கத்து அறை. ஏசி இருக்கு. ஏணி ஏற வேண்டாம், முட்டி தேய வேண்டாம்."

"என் முட்டி உன்கிட்ட வந்து அழுதுச்சா?"

"நீங்க அழ மாட்டீங்க. அதான் நானா செஞ்சேன்."

"செஞ்சியே, அந்த மேட்டுல வந்து நின்னு பார்த்தியா? காத்து மூஞ்சில அறையுது. அங்க காத்து இல்லைன்னு எழுத உனக்கு எப்படிடீ மனசு வந்துச்சு?"

"இல்லைன்னு எழுதல. சுழிச்சுக்கிட்டு வருதுன்னு எழுதினேன். அந்த இடத்துல மேடு வளையுது, காத்தும் வளையுது. எத்தனை வருஷ அளவு வெச்சிருக்கேன் தெரியுமா? இதுல உங்க மானம் எங்க அண்ணி போச்சு?"

"இடத்தைக் காட்டினவ நான்டீ!"

சூறாவளியின் புருஷன் பஸ் ஓட்டுநர். எத்தனை நெரிசலிலும் பதறாமல் வண்டியை நகர்த்துகிற மனுஷர், இந்த இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் ஹாரன் அடிக்கக்கூடப் பயப்படுவார். "பாப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு..." என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பியதும், கரண்டியைத் தன் தட்டுக்கே திருப்பிக்கொண்டார்.

சூறாவளிக்குக் கோபம் அல்ல அது, துக்கம். பாப்பா நல்லதை நினைத்துத்தான் செய்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் வலித்தது. காற்று வராத ஒரு அறையில் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு உட்காருவதற்கா இத்தனை வருடம் ஏணி ஏறினோம் என்று நினைத்தாள். ஆனாலும் அந்த இடம் நல்ல இடம் என்பதில் மட்டும் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

காலையில் எழுந்ததும் இருக்கிற படுக்கை விரிப்பையெல்லாம் தோய்த்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். மனசு சரியில்லாவிட்டால் அவளுக்குத் துணி தோய்க்க வேண்டும். வெள்ளை நைலான் கொடியில் விரிப்புகளை உதறிப் போட்டாள். நல்ல காற்று. விரிப்பெல்லாம் ஒரே பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றன. எதிரே மேட்டில் ஐந்து காற்றாலைகளும் சுற்றிக்கொண்டிருந்தன. மாடிக்குப் பக்கவாட்டில் காற்று வீசுகிற நாளில் அவை இந்தப் பக்கம் முகம் காட்டாது. சுற்றுகிற இறக்கைகள் இங்கிருந்து பார்த்தால் வெறும் குச்சியாகத்தான் தெரியும்.

ஒன்று குச்சி. இரண்டு குச்சி. மூன்றும் நான்கும் குச்சி. ஐந்தாவது மட்டும் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது.

சூறாவளி கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். போட்டோ எடுக்கும்போது எல்லாரும் நேராக நிற்க, ஒருத்தன் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பானே, அப்படி நின்றது ஐந்தாம் நம்பர்.

"பாப்பா! அடி பாப்பா! ஓடி வா மேல!"

பாப்பா வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். பார்த்தாள். நுரையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள்.

"அதான் சொன்னேனே அண்ணி. அங்க மேடு வளையுது, காத்து வேற பக்கமா வருது. மெஷின் அதைப் பார்த்துத் திரும்பி நிக்குது. கரெக்டாத்தான் நிக்குது."

"இல்ல, வால் கோணலா இருக்கு."

வால் என்று அங்கே எல்லாரும் சொல்வது ஒரு சின்னத் திசைகாட்டியை. கோபுரத்தின் உச்சியில், கியர் பாக்ஸும் ஜெனரேட்டரும் இருக்கும் பெரிய பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் மண்டை. அந்த மண்டையின் மேல் பின்பக்கமாக இருக்கும் வால், காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்டும். வால் காட்டுகிற பக்கம் மோட்டார் மண்டையைத் திருப்பி, இறக்கைகளைக் காற்றுக்கு நேராக நிறுத்தும். வாலே கோணலாக மாட்டியிருந்தால் மண்டைக்கு அது தெரியாது. நேராகத்தான் நிற்கிறோம் என்று நம்பிக்கொண்டு கோணலாக நிற்கும். ஒரு பங்குக் காற்று இறக்கையில் உட்காராமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

உடனே ஒட்டகத்துக்குப் போன் போட்டாள். அவன் தூக்கக் கலக்கத்திலும் தெளிவாகச் சொன்னான்.

"வால் கச்சிதமா இருக்குக்கா. போன மாசம்தான் பார்த்தேன். வருஷா வருஷம் பார்க்கிறோமே. மூடியில போட்டிருக்கிற சிவப்புக் கோட்டுக்கு நேரா, மயிரிழை தப்பல."

பாப்பாவின் முகத்தில் 'பார்த்தீங்களா' என்று எழுதியிருந்தது. சூறாவளி கொடியைப் பிடித்தபடி நின்றாள். ஒட்டகம் பொய் சொல்ல மாட்டான். வால் கோட்டுக்கு நேராக இருக்கிறது. சரி. கோடு எதற்கு நேராக இருக்கிறது?

அந்தக் கேள்வி வந்ததும் அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கொடியின் முடிச்சை அவிழ்த்தாள். தோய்த்த விரிப்பெல்லாம் மாடித் தரையில் விழுந்தன.

"ஐயோ, என்னம்மா பண்றே!" கீழேயிருந்து காபியோடு வந்த புருஷன் அலறினார்.

"மறுபடி தோய்ச்சுக்கலாம்ங்க. எனக்குக் கயிறு வேணும்" என்று கொடியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மேலாளர் நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாது. உயரம் என்றால் மட்டும் ஆகாது, மேட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். துணி உலர்த்தும் கொடியோடு வந்து நின்ற பொறுப்பாளரையும், அவளுக்குப் பின்னால் பாதுகாப்பு பெல்ட் மாட்டிக்கொண்டு வந்த பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், கிரேன் காத்துக்கிட்டிருக்கு."

"கிரேன்காரர் தூங்கிக்கிட்டிருக்கார் சார். எழுந்திரிக்கிறதுக்குள்ள வந்துடறோம்" என்றாள் சூறாவளி.

"நீங்களும் ஏறப் போறீங்களா?" என்று பாப்பாவைக் கேட்டார்.

"நான் ஏறாம இவங்க மட்டும் போயிட்டு வந்து ஏதாவது சொன்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் என்னைச் சும்மா விட மாட்டாங்க சார்."

ஒட்டகம் மெஷினை நிறுத்திப் பூட்டினான். இரண்டு பேரும் கோபுரத்துக்குள் ஏணி ஏறினார்கள். சூறாவளி முன்னால், பாப்பா பின்னால். பாதி தூரம்கூடப் போகவில்லை, பாப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன மேடம், ஏசி உடம்பு ஒத்துழைக்கலையா?"

"பேசாம ஏறுங்க அண்ணி."

மண்டைக்குள் எண்ணெய் வாசனை அடித்தது. நடுவில் தடித்த தண்டு, முன்னால் இறக்கைகளிலிருந்து பின்னால் கியர் பாக்ஸுக்குப் போகிறது. காற்றின் பலமெல்லாம் இந்தத் தண்டு வழியாகத்தான் வந்தாக வேண்டும். காற்றாலைக்கு எது நேர், எது கோணல் என்று கேட்டால், தண்டு சொல்வதுதான் சட்டம். மற்றதெல்லாம் மேல் பூச்சு. சூறாவளி தண்டுக்கு நேர் மேலே, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கொடியை இழுத்துக் கட்டினாள். சரியாக நடுவில்தான் போகிறதா என்று பார்க்க, வீட்டுச் சாவியை நூலில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு முனையிலும் சரிபார்த்தாள். பாப்பா மறு முனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

பிறகு கூரைக் கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் மேலே தலையை நீட்டினார்கள். காற்று முகத்தில் அறைந்தது. மண்டையின் மேல்மூடி முட்டை ஓடுபோல உருண்டையானது, எங்கேயும் நேரான விளிம்பு கிடையாது. நேராக இருப்பது கூரைக் கதவின் சட்டம் ஒன்றுதான். அந்தச் சட்டத்தை ஒட்டி, வால் வரைக்கும் போனது சிவப்புக் கோடு. சட்டத்துக்கு இணையாக, அவ்வளவு அழகாக, வெயிலில் கொஞ்சம் வெளுத்து.

திறந்த கதவு வழியாகக் கீழே வெள்ளைக் கொடி தெரிந்தது. மேலே சிவப்புக் கோடு.

இரண்டும் ஒரே பக்கம் போகவில்லை. வாலருகே போவதற்குள் கோடு கொடியைவிட்டு முக்கால் சாண் விலகிப் போயிருந்தது.

பேய்க்காற்றுக்கு அப்புறம் போட்ட மூடி, கிடங்கில் கிடந்த பழைய மாடலுடையது. அந்த மாடலில் உள்ளே வேறொரு பெட்டி இடைஞ்சலாக இருந்ததால், கூரைக் கதவையே சாய்த்து வெட்டியிருந்தார்கள். கதவு கோணல், அதை நம்பிப் போட்ட கோடு கோணல், கோட்டை நம்பி மாட்டிய வால் கோணல். வருடா வருடம் ஒட்டகம் வந்து, அந்தக் கோணலை மயிரிழை தப்பாமல் பாதுகாத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சூறாவளிக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. திரும்பினாள். பாப்பா அந்தக் கோட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோட்டைப் போட்டது பாப்பா. மூடி மாற்றிய அன்றைக்கு இங்கே முழங்காலிட்டு உட்கார்ந்து, சட்டத்தோடு ஒட்டி ஒரு நேரான கட்டையை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பிரஷ்ஷால் இழுத்தவள் அவள்தான். அதுதான் இந்த மேட்டில் அவள் செய்த கடைசி வேலை.

வாக்கி டாக்கி கரகரத்தது. கீழே மேலாளர்.

"மேடம், ஏதாவது தெரிஞ்சுதா?"

நேற்றைய சாப்பாட்டு நேரத்து வார்த்தையெல்லாம் சூறாவளியின் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. ஒன்றைச் சொன்னாலே போதும், பாப்பா இந்த ஜென்மத்துக்குத் தலை நிமிர மாட்டாள். சூறாவளி பொத்தானை அழுத்தினாள்.

"தெரிஞ்சுது சார். வால் கோணலா இருக்கு. இப்ப நேராக்கிடறோம். ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் பேசலாம்."

"எப்படி கோணலாச்சு?"

"மூடி பழசு சார். அதான்."

பாப்பா வெடுக்கென்று வாக்கி டாக்கியைப் பிடுங்கினாள்.

"சார், நான் பேசறேன். கோடு போட்டது நான். தப்பா போட்டிருக்கேன். அந்தக் கோட்டாலதான் இது இத்தனை வருஷமா கோணலா நின்னிருக்கு. அந்தக் கோணலை வெச்சுத்தான் இடம் சரியில்லைன்னு நானே எழுதியும் கொடுத்திருக்கேன்."

பாப்பா வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உன்னை யாருடீ கேட்டா?" என்றாள் சூறாவளி.

"நீங்க மறைச்சா மட்டும் எனக்கு இனிக்குமா?" பாப்பாவின் கண் கலங்கிவிட்டது. "இடம் நல்ல இடம்னு நீங்க தொண்டை வறளக் கத்தினீங்க. நான் நம்பல அண்ணி."

"நானும்தான் அன்னிக்கு மேல வரலையே. கோடு போடறப்ப மறுமுனையைப் பிடிக்க வேண்டியவ, கீழ கிரேன்காரனோட சண்டை போட்டுக்கிட்டு நின்னேன். மூக்கைத் துடை. ஸ்பானர் எடு."

வாலின் போல்ட்டைத் தளர்த்தி, கொடிக்கு நேராகத் திருப்பி, மறுபடி இறுக்கினார்கள். பாப்பா இறுக்கினாள், சூறாவளி கொடியைப் பார்த்து "இன்னும் துளி, இன்னும் துளி, போதும்" என்றாள்.

கீழே இறங்கி வந்து அலுவலக அறைத் திரைக்கு முன்னால் எல்லாரும் நின்றார்கள். ஒட்டகம் மெஷினை ஓடவிட்டான். மேலே மண்டை முனகிக்கொண்டு மெல்லத் திரும்பியது. கொஞ்சம்தான் திரும்பியது. பிறகு நின்றது. இறக்கைகள் சுற்ற ஆரம்பித்தன.

திரையில் நான்காம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஐந்தின் எண் ஏறியது. நான்கின் அருகே போனது. அங்கேயே கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நின்றது. பாப்பா சூறாவளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காற்று ஒரு பிடி பிடித்தது. ஐந்து நான்கைத் தாண்டியது. தாண்டி, ஏறி, அங்கேயே நின்றது. மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காற்று நின்று மறுபடி எழும்போதெல்லாம் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஐந்தாம் நம்பர்தான் முன்னால்.

"தூக்கிச் சாப்பிடுதுக்கா!" என்று ஒட்டகம் குதித்ததில் டியூப் லைட்டில் தலை இடித்துக்கொண்டான்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சைப் பிரிக்கிறதா இருந்தா, இனிமே மத்த நாலையும்தான் முதல்ல பிரிக்கணும்" என்றார். அவர் அடித்த முதல் ஜோக் அதுவாகத்தான் இருக்கும். வெளியே போய் கிரேன்காரரை அவரே எழுப்பி, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

சூறாவளி ஜன்னலில் ஐந்தாம் நம்பரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த இடம், இந்த வேலை, இந்த ஏணி எல்லாம் அவளுடையதாகவே இருக்கப் போகிறது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அந்தப் பக்கத்து அறை..." என்று இழுத்தாள் பாப்பா.

"நீயே ரெண்டையும் வெச்சுக்க. ஒண்ணுல உக்காரு, ஒண்ணுல படு."

பாப்பா சிரித்தாள். பிறகு அலமாரியில் துழாவிச் சிவப்பு பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். மெஷினை மறுபடி கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி, இருவரும் இன்னொரு தடவை ஏறினார்கள். அவள் கொடியை மூடி மேல் இழுத்து வைத்து அதை ஒட்டிப் புதுக் கோடு போட, சூறாவளி கொடியின் மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பழைய கோட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, புருஷன் விரிப்புகளையெல்லாம் மறுபடி தோய்த்து வாளியில் வைத்துக்கொண்டு மாடியில் கொடிக்காகக் காத்திருந்தார். கொடியை வாங்கிக் கட்டினார். விரிப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்தால், வெள்ளை விரிப்பின் நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு.

"அடக் கடவுளே! பெயிண்ட்டா? இது போகவே போகாதே!"

பாப்பா பதறிப்போய் வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடப் பார்த்தாள். சூறாவளி விரிப்பின் மறுமுனையைப் பிடித்து நிறுத்தினாள். எதிரே மேட்டில் ஐந்தும் குச்சி குச்சியாகத் தெரிந்தன.

"போக வேண்டாம்ங்க, இருக்கட்டும்" என்றாள் புருஷனிடம். "பாப்பா போட்ட கோடு. நேரா இருக்கு பாருங்க."